பாமினியில் தட்டச்சிட்ட அக்கா

2025 ஒக்டோபர் 3, வெள்ளி

கணினியின் தற்காலிக நினைவகமான ரேம் வாங்க நகரத்துக் கடையொன்றுக்குப் போயிருந்தேன். டிடிஆர்4, எட்டு ஜிபி, லேப்டாப்புக்கானது என்று தெளிவாகத்தான் கேட்டேன். கடைக்காரர் என்னைத் தாண்டி வாசலைப் பார்த்தார். "அண்ணா வரவில்லையா தங்கச்சி? போன் எடுத்துக் கொடுங்கள், அவரிடம் நான் பேசுகிறேன்." எனக்கு அண்ணன் கிடையாது. தம்பி இருக்கிறான், வைஃபை கடவுச்சொல்லை மாற்றுவதற்கே அவனுக்கு நான் வேண்டும்.

அங்கே வேலைக்கு நின்ற பையன்தான் எதுவும் கேட்காமல் சரியான பெட்டியை எடுத்துத் தந்தான். அவனை மனத்துக்குள் வாழ்த்திக்கொண்டே ஸ்கூட்டியைக் கிளப்பினேன். மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தில் ஏறும்போதுதான் உறைத்தது. கேட்ட பொருளை எடுத்துக் கொடுப்பது கடையின் வேலை. அதற்கு ஏன் இப்படி உருகுகிறேன்? கணினி, விளையாட்டு, சர்க்கியூட் என்று திரிகிற பெண்கள் பலருக்கும் இந்தப் பழக்கம் தொற்றியிருக்கிறது. ஆன்லைன் விளையாட்டில் நம் குரல் கேட்டும் கேலி செய்யாதவர், கூட்டத்தில் நாம் பேசி முடிக்கும் வரை பொறுத்திருந்தவர் என்று ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லிச் சொல்லியே கையிருப்பு தீர்ந்துவிடுகிறது. இந்த மாதம் நன்றியைக் கொஞ்சம் கறாராகச் செலவழிப்பதாக இருக்கிறேன்.

ஒக்டோபர் 6, திங்கள்

வப் போயா, பௌர்ணமி விடுமுறை. மாமா தந்திருந்த சீடியை இன்றுதான் திறந்தேன். கடற்கரைப் பக்கத்துக் கண்ணகி அம்மன் கோயிலொன்றின் கும்பாபிஷேக மலர், 2003. அச்சான பிரதிகளில் பெரும்பாலானவை 2004 டிசம்பர் 26 அன்று கடலோடு போய்விட்டன. மிஞ்சியது இந்த வேர்ட் கோப்பு. திறந்தால் பக்கம் முழுக்க ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும்.

பாமினி! எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தருகிற யுனிகோட் முறை பரவுவதற்கு முன் இலங்கையில் அச்சகம், பத்திரிகை, பள்ளிக்கூடம் எங்கும் கோலோச்சிய எழுத்துரு. ஆங்கில எழுத்துகளின் இருக்கையில் தமிழ் வடிவங்களை உட்கார வைக்கிற வித்தை அது. 'தமிழ்' என்று வர வேண்டுமானால் ஜே, கே, பி, ஓ, பிறகு அரைப்புள்ளி அடிக்க வேண்டும். எழுத்துரு இல்லாத கணினியில் அந்த ஐந்தும் அப்படியே நிற்கும். அதில் ஒரு சொல்லைத் தேடவும் முடியாது, கைத்தொலைபேசியில் வாசிக்கவும் முடியாது.

எழுத்துக்கு எழுத்து மாற்றினால் போதாதா என்று கேட்பவர்கள் 'கொ'வை மாற்றிப் பார்க்கட்டும். பாமினியில் கண்ணுக்குத் தெரிகிற வரிசைப்படி கொம்பு, க, அரவு (துணைக்கால்). யுனிகோடில் முதலில் க, அதன்பின் ஒகரக் குறி. அதைவிடப் பொல்லாதது 'ர்'. ரகரத்துக்குத் தனி விசை இருந்தாலும், அரவை அடித்து அதன் தலையில் புள்ளி வைப்பதுதான் அந்தக் காலத்து வழக்கம். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் கண்மூடித்தனமாக மாற்றுகிற நிரல் 'அவர்கள்' என்பதை 'அவா்கள்' என்று துப்பும், தேடினால் அகப்படாது. 'சரி'யிலும் இதே கூத்து, அங்கே அரவின்மேல் விசிறி, அதாவது இகரக் குறி. ஆகவே புள்ளியோ விசிறியோ தொடர்கிற அரவை முதலில் ரகரமாக்கி, பிறகு கொம்புகளை இடம் மாற்றி, கடைசியில்தான் மற்ற எழுத்துகளில் கை வைக்க வேண்டும்.

மாலை வரை இதோடு மல்லுக்கட்டினேன். நாலு மணிக்கு இடி இடித்து மின்சாரம் போனது. லேப்டாப் பற்றரி தாங்கியது.

ஒக்டோபர் 9, வியாழன்

கலியாணத் தரகர் வந்திருந்தார். மாப்பிள்ளை வீட்டார் எல்லாம் விசாரித்துவிட்டார்களாம். மேசையில் கழற்றிப் போட்டிருக்கிற அந்தக் கணினிகளைக் கலியாணத்துக்குப் பிறகும் பிள்ளை வைத்திருக்குமா என்று மட்டும் கேட்கச் சொன்னார்களாம். அம்மா பிளேன்டீயை வைத்துவிட்டுச் சொன்னார்: "வீடு பிள்ளைக்கு எழுதியது. மேசையும் வீட்டோடுதான். வருகிறவர் இடம் பார்த்து இருக்கட்டும்."

பெண்ணுக்கு வீட்டை எழுதி மாப்பிள்ளையை அழைத்துக்கொள்கிற எங்கள் பகுதி வழக்கத்தில் எனக்குப் பிடிக்காதவையும் உண்டு. வீடு கட்டியே கடனாளியான தகப்பன்மாரைத் தெரியும். ஆனாலும் சால்டரிங் இரும்பை யாரிடமும் கேட்காமல் சூடாக்க ஓர் அறை இருக்கிறது. இது நன்றிக் கணக்கில் சேரும்.

ஒக்டோபர் 11, சனி

மச்சாளின் மகள் வந்தாள், பத்து வயது. பழைய இயந்திரங்களைப் போலக் கணினியை நடிக்கவைக்கும் எமுலேட்டரில் 'ரிவர் ரெய்ட்' போட்டுக் கொடுத்தேன். ஆற்றின்மேல் விமானம் ஓட்ட வேண்டும். கரோல் ஷா என்ற பெண் அட்டாரி 2600 என்ற விளையாட்டு இயந்திரத்துக்காக எழுதி 1982இல் வெளிவந்த விளையாட்டு. அந்த இயந்திரத்தின் ரேம் 128 பைட். விளையாட்டு அடங்கிய கார்ட்ரிட்ஜ் 4 கிலோபைட். யுனிகோட் தமிழை வழக்கமான யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் ஓர் எழுத்துக்குக் குறைந்தது மூன்று பைட் என்பதால், இதுவரை எழுதிய இந்தக் குறிப்புகளே அதைவிடப் பெரியவை. அவ்வளவு நீள ஆற்றை எங்கே வைப்பது? அவர் ஆற்றைச் சேமிக்கவே இல்லை. ஒரே தொடக்க எண்ணிலிருந்து கணக்குப் போட்டுக் கரைகளை அவ்வப்போது உருவாக்கவைத்தார். பார்க்க ஒழுங்கற்ற ஆறு. ஆனால் எல்லோருக்கும் ஒவ்வொரு முறையும் அதே ஆறு.

சின்னவளுக்கு இதில் எதுவும் பிடிபடவில்லை. எரிபொருள் தீர்ந்து விமானம் விழ விழ ஆத்திரத்தோடு மறுபடி தொடங்கிக்கொண்டிருந்தாள். நான் தயிரும் சீனியும் கொண்டுவந்து வைத்தது ஆறியதா புளித்ததா என்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒக்டோபர் 14, செவ்வாய்

இன்று, முதல் கணினி நிரலாளர் என்று பலரும் சொல்லும் அடா லவ்லேஸின் நாள். தொழில்நுட்பத்தில் தாம் மதிக்கும் ஒரு பெண்ணைப் பற்றி ஆளுக்கொரு பதிவு எழுதுவோம் என்று சுவ் சார்மன்-ஆண்டர்சன் 2009இல் தொடக்கியது. இப்போது ஒக்டோபர் இரண்டாம் செவ்வாயில் வருகிறது. 1843இல் சார்ள்ஸ் பாபேஜ் திட்டமிட்ட கணிப்பு இயந்திரத்துக்குக் குறிப்புகள் எழுதியபோது அடா தம் முழுப் பெயரைப் போடவில்லை. 'ஏ. ஏ. எல்.' என்ற முதலெழுத்துகள் மட்டும்.

மலரின் கோப்பு இன்று முழுதாக மாறிவிட்டது. நன்றியுரை இரண்டு பக்கம். தலைவர், செயலாளர், பந்தல் உபயம், ஒலிபெருக்கி உபயம், ஐயருக்கு இளநீர் தந்தவர் வரை இருக்கிறார்கள். தட்டச்சிட்டவர் இல்லை.

எனக்கோ அந்த விரல்கள் பழகிவிட்டன. முற்றுப்புள்ளிக்கு முன்னால் எப்போதும் ஓர் இடைவெளி. 'அம்மன்' வரும் இடமெல்லாம் தடித்த எழுத்து. முன்னுரையில் ரகர றகரப் பிழைகள் மலிந்திருக்க, அம்மனைக் குளிர்விக்கும் சடங்கில் பாடும் குளிர்த்திப் பாடல்களில் ஒரு சீர்கூடப் பிசகவில்லை. அம்மாவிடம் கேட்டேன். "அது அச்சகத்தில் வேலை செய்த பிள்ளை. இப்போது ஆரையம்பதியில் தையல் தைக்கிறாள்," என்றார், இத்தனை நாளும் இதை ஏன் கேட்கவில்லை என்பதுபோல.

ஒக்டோபர் 18, சனி

மலரைத் தட்டச்சிட்ட அந்த அக்காவுடன் தொலைபேசியில் பேசினேன். மலர் திரும்பக் கிடைத்த செய்திக்கு அவர் கேட்ட முதல் கேள்வி: "எத்தனை பிழை இருந்தது?"

முன்னுரையைச் சொன்னேன். "அது தலைவர் எழுதியது. எழுதியபடியே அடி என்றார், அடித்தேன். பாட்டைப் பாருங்கள் தங்கச்சி, அதில் பிழை இருக்காது."

இல்லைத்தான். கொடுத்த கையெழுத்துப் பிரதியில் வரிகள் குழம்பிக் கிடந்தனவாம். இரவில் வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மம்மாவைப் பாடவைத்து, கேட்டுக் கேட்டுத் திருத்தி, மறுநாள் அச்சகத்தில் அடித்திருக்கிறார். அம்மம்மா இப்போது இல்லை.

நன்றி சொன்னேன். "காசு வாங்கித்தானே அடித்தேன்," என்று சிரித்தார். பாட்டைத் திருத்தியதற்கும் தந்தார்களா என்று கேட்டேன். அதற்கு யார் தருவார்கள் என்றார். அப்படியானால் இதை வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும் என்றேன். மின்பதிப்பின் முதல் பக்கத்தில் அவருடைய பெயரையும் அம்மம்மாவின் பெயரையும் போடச் சம்மதம் வாங்கிவிட்டேன்; இங்கே போட வேண்டாமாம்.

பிஸ்கட் டின் ஒன்றில் இன்னும் சில மலர்களின் ஃபிளாப்பிகள் கிடக்கின்றனவாம். தீபாவளி கழிந்து வரச் சொல்லியிருக்கிறார். யூஎஸ்பி ஃபிளாப்பி டிரைவ் வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால் இரண்டு நாளைக்குத் தந்து உதவுங்கள். கல்முனை வரை நானே வந்து எடுத்துக்கொள்வேன்.