கவுன்சிலருக்கும் எஃப்.சி.-2 வேண்டும்

2022 தேர்தலில் ஜெயித்து நகர்மன்ற உறுப்பினர் ஆனவள் நான். குப்பை மேலாண்மை பற்றிப் பேச அமெரிக்காவிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. டிக்கெட், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் அவர்கள் செலவு. நல்லபடியாகப் போய் வந்துவிட்டேன். ஆனால் கிளம்புவதற்குள் பட்ட பாட்டை நினைத்தால் இன்னும் வயிறு கலங்குகிறது.

முதல் அடி விசா ஏஜென்ட்டால். “நீங்க மக்கள் பிரதிநிதி, ஏ-2 விசாவே கேக்கலாம் மேடம்” என்று டிஎஸ்-160 என்கிற அமெரிக்க விசா விண்ணப்பப் படிவத்தை அப்படியே நிரப்பிவிட்டார். ஏ வகை விசா, மத்திய அரசின் சார்பில் அரசு வேலையாகப் போகிறவர்களுக்கு. நகராட்சி, ஊராட்சி, ஏன், மாநில அரசின் சார்பில் போனாலும் பி-1/பி-2 என்கிற சாதாரண வருகை விசாதான். இது தெரிந்து புதுப் படிவம் போட்டார்; அப்பாயின்மென்ட்டில் பழைய படிவத்தின் எண்ணை மாற்ற மறந்துவிட்டார். ராத்திரி முழுக்க பஸ்ஸில் வந்து சென்னையில் கைரேகை வைக்கப் போனால், எண் ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த எண்ணை நீங்களே ஒரு தடவை சரிபாருங்கள். அப்புறம் நடந்த இன்டர்வியூ மூன்றே நிமிடம்.

விசா கைக்கு வந்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். பயணத்துக்கு இருபது நாள் இருக்கும்போது வக்கீல் தம்பி ஒருவர், “அக்கா, எஃப்.சி.-2 போட்டாச்சா?” என்று கேட்டார். வெளிநாட்டார் செலவில் போக மத்திய அரசிடம் அனுமதி கேட்கும் படிவமாம் அது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அலுவலகத்தில் விசாரித்தால், “அதெல்லாம் எம்.எல்.ஏ., எம்.பி.க்குத்தாங்க” என்றார் எழுத்தர்.

தம்பி சட்டத்தின் இரண்டு பக்கங்களை அச்செடுத்துக் கொடுத்தார். 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், பிரிவு 6: சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்கள் வெளிநாட்டார் செலவில் போக மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும். பிரிவு 2-இல் ‘சட்டமன்றம்’ என்ற சொல்லுக்குள்ளேயே நகராட்சியும் ஊராட்சியும் அடக்கம். எழுத்தர் வரிவரியாக விரல் வைத்துப் படித்தார். அப்புறம் ஒன்றும் பேசவில்லை.

விண்ணப்பம் பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பே உள்துறை அமைச்சகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். என் அழைப்புக் கடிதத்திலோ “எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்று ஒற்றை வரி. விமானம் யார் செலவு, எத்தனை இரவு தங்கல் என்று பிரித்து எழுதிய கடிதம் வாங்க நான்கு நாள் போயிற்று. இதை முதல் நாளே கேட்டு வாங்கிவிடுங்கள். இன்னொன்று: போன இடத்தில் திடீரென்று உடம்பு சரியில்லாமல் அவர்கள் செலவில் சிகிச்சை எடுத்தால், அதற்கு முன் அனுமதி வேண்டாம்; ஆனால் ஒரு மாதத்துக்குள் தெரிவித்துவிட வேண்டும்.

எம்.பி.க்கு விவரம் சொல்ல டெல்லியில் ஆள் இருக்கும். ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு யார் இருக்கிறார்கள்? உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்காவது ஆட்சியர் அலுவலகத்திலேயே இந்த அனுமதி கிடைக்கும்படி சட்டத்தைத் திருத்த வேண்டும்.

கிளம்ப மூன்று நாள் இருந்தபோது, வார்டில் கால்வாய் தூர்வாரும் இடத்தில் நின்றிருந்தேன். அனுமதி வந்த மெயிலைப் பார்த்தேன். நேராக அலுவலகம் போய் எழுத்தரிடம் காட்டினேன். அதையும் அந்த இரண்டு பக்கங்களையும் ஜெராக்ஸ் எடுத்துத் தன் ஃபைலில் வைத்துக்கொண்டார்.