ஆயர் பெயரில் வந்த மின்னஞ்சல்

எங்கள் சபையின் கணக்கைப் பார்த்துவருபவன் என்பதால் இதை எழுதியாக வேண்டும். பணி ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவருக்கு ஆயர் பெயரில் மின்னஞ்சல் வந்தது. தாம் கூட்டத்தில் இருப்பதால் பேச முடியாது என்றும், புற்றுநோயாளி ஒருவருக்கு உதவ இணையக் கடையின் பரிசுக் கூப்பன்கள் வாங்கிக் குறியீட்டு எண்களை அனுப்புமாறும் அதில் இருந்தது. டீச்சர் பத்தாயிரம் ரூபாய்க்கு வாங்கி அனுப்பிவிட்டார்கள். "ஐயா கேட்டால் எப்படி மறுப்பேன்?" என்று பிறகு என்னிடம் கேட்டபோது எனக்கு மனம் கனத்தது.

கைப்பேசித் திரையில் அனுப்புநரின் பெயர் மட்டுமே தெரிகிறது. அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். பெயரின்மேல் விரல் வைத்தால்தான் மின்னஞ்சல் முகவரி விரியும். நாங்கள் விரித்துப் பார்த்தபோது, ஆயரின் பெயரோடு அவர் ஒருநாளும் பயன்படுத்தாத மூன்று இலக்கங்கள் ஒட்டியிருந்தன. டீச்சரின் முகவரி மோசடிக்காரர்களுக்கு எப்படிக் கிடைத்தது என்று தேடினால், நாங்களே இணையத்தில் ஏற்றியிருந்த சபை மலரில் கமிட்டியார் அனைவரின் முகவரிகளும் வரிசையாக இருந்தன. அன்றே அதை எடுத்துவிட்டோம்.

ஆனால் முகவரியைச் சரிபார்ப்பது மட்டும் போதாது. 2019-இல் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில், பிரன்சுவிக் நகரின் புனித அம்புரோஸ் கத்தோலிக்கப் பங்கில், ஊழியர் இருவரின் மின்னஞ்சல் கணக்குகளுக்குள் புகுந்தவர்கள், ஆலயப் பணி செய்த கட்டுமான நிறுவனம் வங்கிக் கணக்கை மாற்றிவிட்டதாக நம்பவைத்து, 17.5 இலட்சம் டாலரைத் திருப்பிவிட்டார்கள். இரண்டு மாதப் பணம் வரவில்லையே என்று அந்த நிறுவனம் கேட்ட பிறகுதான் விஷயம் வெளிவந்தது.

ஆகவே, வங்கி விவரம் மாறியதாக எவர் எழுதினாலும், அந்த மின்னஞ்சலில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, நம் பேரேட்டில் ஏற்கெனவே உள்ள எண்ணுக்குப் பேசி உறுதிசெய்த பின்னரே பணம் அனுப்புவது என்று கமிட்டியில் தீர்மானித்தோம். அலுவலக மின்னஞ்சலுக்கு, கடவுச்சொல்லோடு இன்னொரு உறுதிப்படுத்தலும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பும் வைத்தாயிற்று. மின்னஞ்சலில் தாம் ஒருபோதும் பணம் கேட்கமாட்டார் என்றும், அப்படி ஏதாவது வந்தால் நள்ளிரவானாலும் தம்மை அழைக்கலாம் என்றும் ஆயர் ஞாயிறு ஆராதனையில் அறிவித்தார். அவரை அழைத்துக் கேட்பது மரியாதைக் குறைவு என்ற தயக்கத்தை அவரேதான் நீக்க முடியும்.

பணம் போனவுடன், இணைய மோசடிகளைப் புகார் செய்வதற்கான 1930 என்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். டீச்சர் வெட்கப்பட்டு இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. அதற்குள் கூப்பன்கள் செலவழிக்கப்பட்டுவிட்டன. விசாரித்தபோது இன்னும் நான்கு பேருக்கு அதே மின்னஞ்சல் வந்திருந்தது தெரிந்தது. அவர்களில் ஒருவராவது அன்றைக்கே வாய் திறந்திருந்தால், டீச்சர் கடைப் பக்கத்தைத் திறக்கும் முன்பே நாங்கள் அவரை அழைத்திருப்போம்.