உப்புக் குறைச்ச நாட்கள்

3.10.2022
அம்மாவின்ர வீங்கின காலை இண்டைக்கும் அமத்திப் பாத்தன். விரல் பட்ட இடம் குழியாவே நிண்டு, ஆறுதலா நிரம்பினது. உப்பில்லாத சொதியை அவ தொடுறாவே இல்லை.

4.10.2022
அண்ணா வன்கூவரில இருந்து வீடியோ அனுப்பியிருக்கிறார். கனடாவில அடம்ஸ் ஆறு. தண்ணி தெரியாமல் சிவப்பு மீன். சொக்கை சால்மன், நாலு வருசத்துக்கு ஒருக்காத்தான் இப்பிடிப் பெருவாரியா வருமாம். கடலில வெள்ளியாத் திரிஞ்சதுகள். இப்ப தலை பச்சை, உடம்பு சிவப்பு. ஆண் மீனின்ர தாடை தூண்டில் மாதிரி வளைஞ்சு பல்லு வெளிய நிக்குது.

5.10.2022
விஜயதசமி. அம்மா ரெண்டு இடியப்பம் சாப்பிட்டா.

8.10.2022
நித்திரை இல்லை. அந்த மீனைப் பற்றியே வாசிச்சன். ஆத்துக்குள்ள ஏறினாப் பிறகு சாப்பாடே இல்லை. கடலில சேத்த கொழுப்பில 500 கி.மீ.க்குக் கிட்ட எதிர்நீச்சல். குடல் சுருங்கும், சினை பெருக்கும். சிவப்பும் புதுசா வந்ததில்லை: கடலில திண்ட சின்னக் கூனி இறால்களின்ர நிறம் தசையில இருந்து தோலுக்கும் முட்டைக்கும் போக, தசை வெளிறுது.

உப்புத்தான் அதிசயம். கடலில கடல்தண்ணியைக் குடிச்சு, மிஞ்சின உப்பைச் செவுளால வெளிய தள்ளும். ஆத்தில அதே செவுள் இருக்கிற கொஞ்ச உப்பையும் உள்ளுக்கு இழுக்கும், சிறுநீரகம் ஓயாமல் தண்ணியை வெளியேத்தும். அம்மாவுக்கு அரைக் கரண்டி உப்பே தாங்கேலாமல் கிடக்கு.

9.10.2022
கோட்டிசோல், உடம்பு தானே சுரக்கிற ஹோமோன். முட்டை விடுற காலத்தில சால்மனுக்கு அது ஏறினபடியே இருக்கும். நோயெதிர்ப்பு விழும், தோலில பூஞ்சணம் படரும், முட்டை விட்டுக் கொஞ்ச நாளில செத்துப்போகும். அம்மா எடுக்கிற பிரெட்னிசொலோன் குளிசையும் அந்தச் சாதிதான். முகம் உருண்டு போச்சு, தொட்ட இடமெல்லாம் கண்டல். ஆனா சிறுநீரோட புரதம் போறதை மறிக்கவும் அதுதான் வேணும்.

12.10.2022
மழை. அம்மாவின்ர சிறுநீர் றிப்போட் வரேல்ல.

15.10.2022
1961இல ரொபேட்சன் எண்டவர் எழுதினது. கோக்கனி, கடலுக்குப் போகாத சொக்கை. அதுகள் முதிர முந்தியே இனப்பெருக்க உறுப்பை எடுத்துவிட, சிலது எட்டு வருசம் வரைக்கும் இருந்ததாம். அப்ப சாவு வயசில இல்லை, முட்டைக்குத் தயாராகிறதில. அத்திலாந்திக் சால்மனில கொஞ்சம் முட்டை விட்டிட்டுக் கடலுக்கே திரும்புமாம். அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினன்.
"பாவம், பசிக்காதே?" எண்டா.

17.10.2022
தலகாணிக்குக் கீழ குளிசைகள். கத்திப்போட்டன். சடுதியா நிப்பாட்டினா உடம்பு தன்ர கோட்டிசோலைத் திரும்பச் சுரக்க எவ்வளவோ நாள் பிடிக்கும் எண்டு எத்தினை தரம் சொன்னது!

19.10.2022
றிப்போட் வந்திட்டுது. சிறுநீரில புரதம் ரெண்டு பிளஸ். முந்தி நாலு. அண்ணாவுக்குச் சொல்லவேணும், அங்க இப்ப சாமம்.