முதல் ஹை-எண்ட் கேமிங் பிசி: பாகங்கள் தேர்வு, இதுவரை

மானிட்டரில்தான் ஆரம்பித்தேன். பலரும் கிராபிக்ஸ் கார்டை முடிவு செய்துவிட்டு மானிட்டரைக் கடைசிக்குத் தள்ளிவிடுகிறார்கள். ஆனால் கார்டு எவ்வளவு உழைக்க வேண்டும் என்று தீர்மானிப்பதே மானிட்டர்தானே? 1440பி திரையில் ஏறக்குறைய 37 லட்சம் பிக்சல்கள். 4கே-யில் 83 லட்சம், அதாவது இரண்டேகால் மடங்கு. நான் அதிகம் ஆடுவது ஷூட்டர் கேம்கள்; கூர்மையைவிட வேகம் முக்கியம். அதனால் 27 அங்குலம், 1440பி, 240 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 240 முறை படம் மாறும்), ஓஎல்இடி.

இது முடிவானதும் பிராசசர் கேள்வி எளிதாகிவிட்டது. 4கே-யில் பெரும்பாலும் கார்டுதான் மூச்சு வாங்கும். பிராசசர்களுக்கு இடையிலான வித்தியாசம் அதிகம் தெரியாது. 240 ஹெர்ட்ஸில் கதை வேறு. ஒரு ஃப்ரேமுக்கு, அதாவது திரையில் வரும் ஒரு படத்துக்கு, கிடைப்பது 4 மில்லிவிநாடிக்குக் கொஞ்சம் மேல், அதற்குள் பிராசசர் தன் பங்கை முடித்தாக வேண்டும். ரைசன் 7 9800எக்ஸ்3டி எடுக்கிறேன். கணக்கிடும் கோர்கள் 8-தான், ஆனால் 96 எம்பி எல்3 கேஷ், அதாவது பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம். அடிக்கடி தேவைப்படும் தகவலுக்காக ரேம் வரை ஓட வேண்டியது குறையும். முந்தைய 7800எக்ஸ்3டி-யில் இந்தக் கூடுதல் கேஷ் கோர்களின் மேல் உட்கார்ந்து சூடு வெளியேறுவதற்குத் தடையாக இருந்தது. இதில் அதைக் கோர்களுக்கு அடியில் வைத்துவிட்டார்கள்.

கார்டு விஷயத்தில்தான் ரொம்ப நாள் இழுத்தடித்தேன். ஆர்டிஎக்ஸ் 5080-ஆ, 5070 டிஐ-யா? இரண்டிலும் அதே 16 ஜிபி ஜிடிடிஆர்7 மெமரி. 5080-இல் கூடா கோர்கள் (கார்டின் கணக்கிடும் அலகுகள்) 10,752, மற்றதில் 8,960. காகிதத்தில் 20 சதவீதம் கூடுதல். மின்சாரம் 360 வாட்டுக்கு எதிராக 300 வாட். 4கே ஆடுபவராக இருந்தால் 5080 வாங்குங்கள் என்பேன். 1440பி-க்கு 5070 டிஐ தாராளம், மிச்சப் பணம் மானிட்டருக்குப் போகட்டும். ஹை-எண்ட் என்றால் எல்லாவற்றிலும் உச்சம் என்று சட்டமா என்ன?

ரேம்: 16 ஜிபி குச்சிகள் இரண்டு, வேகம் டிடிஆர்5-6000, தாமத அளவு சிஎல்30. நான்கு குச்சி போட்டால் ஏஎம்5 (இந்தப் பிராசசர் பொருந்தும் சாக்கெட்) போர்டுகளில் இந்த வேகம் நிற்பது சிரமம். பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) எக்ஸ்போ என்ற ரேம் வேக அமைப்பை ஆன் செய்யாவிட்டால் ரேம் குறைந்த வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும்; முதல் பூட்டிலேயே பார்க்க வேண்டியது அது. எஸ்எஸ்டி 2 டிபி, பிசிஐஇ இணைப்பின் நான்காம் தலைமுறை (ஜென் 4). ஜென் 5-இன் வேகம் கேம் லோட் ஆவதில் பெரிதாகத் தெரிவதில்லை. மதர்போர்டு பி850 ரகம்; எக்ஸ்870 ரகத்தில் கட்டாயம் வரும் யுஎஸ்பி4 என்ற அதிவேக இணைப்பு எனக்குத் தேவையில்லை.

அப்புறம் பவர் சப்ளை. யாரும் ஆசையாகப் பேசாத பாகம், ஆனால் நான் அதிகம் படித்தது இதைப் பற்றித்தான். 850 வாட், ஏடிஎக்ஸ் 3.1 என்ற தரத்தில். கார்டு கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவாகச் சட்டென்று அதிக மின்சாரம் இழுக்கும். அதைத் தாங்கும்படி சோதிக்கப்பட்டவை இவை. கார்டுக்கு மின்சாரம் தரும் 12வி-2எக்ஸ்6 பிளக்கில், இணைப்பைக் கார்டுக்கு உணர்த்தும் சென்ஸ் பின்கள் முன்பைவிடக் குட்டையானவை. பிளக் முழுதாக உள்ளே போகாவிட்டால் அவை தொடாது, கார்டு முழு மின்சாரத்தை இழுக்காது. பழைய பிளக்குகள் சில உருகியதற்குப் பிறகு வந்த திருத்தம் இது. இன்னொன்று: வேறு மாடல் பவர் சப்ளையின் மாடுலர் (கழற்றி மாட்டும்) கேபிளை எடுத்துச் செருகவே கூடாது. பவர் சப்ளை பக்கத்துப் பின் வரிசைக்குப் பொதுத் தரம் கிடையாது. பிளக் பொருந்தும், ஆனால் பாகம் கருகிப் போகலாம்.

கூலர் ஏர் கூலர்தான், இரட்டை டவர். அது ரேம் மேல் கவிழ்ந்து நிற்கும் என்பதால் உயரமான ஆர்ஜிபி (வண்ண விளக்கு) ரேமைத் தவிர்த்துவிட்டேன்.

பாக்கி இருப்பது கேபினெட். முன்பக்கம் மெஷ் வேண்டும், அதில் சந்தேகமில்லை. கார்டின் நீளம் பொருந்துகிறதா என்று எல்லோரும் பார்ப்பார்கள். எனக்குச் சிக்கல் கேபினெட்டின் அகலத்தில். கார்டின் பிளக்கிலிருந்து கேபிள் கொஞ்ச தூரம் நேராக வந்து பிறகுதான் வளைய வேண்டும். எனக்குப் பிடித்த கேபினெட்டில் பக்கவாட்டுக் கண்ணாடி அதை அழுத்தும் போலிருக்கிறது. கார்டின் உயரத்தை, அதாவது போர்டிலிருந்து கண்ணாடிப் பக்கமாக அது நீட்டிக்கொண்டிருக்கும் அளவை, அளந்து பார்த்த பிறகே ஆர்டர்.