வெயில் சாய்ந்த பிறகும் சுடும் தளம்

எங்கள் வீட்டு மாடி அறையில் சித்திரை மாதத்து மாலை ஏழு மணிக்கு நின்று, உள்ளங்கையைத் தலைக்கு மேலுள்ள கூரைத் தளத்துக்கு நேராக விரித்துப் பிடித்தால், அடுப்புக்கு முன் நீட்டியது போல உள்ளங்கையில் சூடு உறைக்கும். புறங்கையில் அவ்வளவாகப் படாது. அந்த நேரத்தில் அறைக் காற்றின் வெப்பநிலை 33 டிகிரி, தளத்தின் அடிப்பரப்போ 41 டிகிரி. மின்விசிறியை எவ்வளவு வேகமாகச் சுழலவிட்டாலும் வெக்கை தணியாததன் காரணம் இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

ஐந்து அங்குலக் கான்கிரீட் தளம் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 300 கிலோ எடையுள்ளது. உச்சிவெயிலில் அதன் மேற்பரப்பு வாங்கும் வெப்பம், அடுத்தடுத்த அடுக்குகளைச் சூடாக்கிக்கொண்டே மெல்லக் கீழிறங்குவதால், அடிப்பரப்பு உச்சச் சூட்டை எட்டச் சில மணி நேரம் ஆகிவிடுகிறது. வெளியே காற்று குளிரத் தொடங்கும் வேளையில் உள்ளே தளம் சுடுவது இதனால்தான்.

அங்கிருந்து உடலுக்கு வரும் வெப்பம் பெரும்பாலும் கதிர்வீச்சாகவே வருகிறது; அதற்கு இடையில் காற்று தேவையில்லை, காற்று வீசினாலும் அது விலகாது. ஒரு பொருள் வெளிவிடும் கதிர்வீச்சு அதன் கெல்வின் வெப்பநிலையின் (செல்சியஸ் டிகிரியோடு 273ஐக் கூட்டிய எண்ணின்) நான்காம் அடுக்குக்கு, அதாவது அந்த எண்ணை நான்கு முறை தன்னோடு பெருக்கிய மதிப்புக்கு, நேர்விகிதத்தில் இருக்கும் என்று 1879இல் இயற்பியலாளர் யோசப் ஸ்டெஃபான் சோதனைத் தரவுகளிலிருந்து கண்டறிந்தார். 1884இல் லுட்விக் போல்ட்ஸ்மான் அதைக் கோட்பாட்டு வழியில் நிறுவினார். அந்த விதிப்படி 41 டிகிரித் தளம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 550 வாட் வெளிவிட, 34 டிகிரியில் இருக்கும் நம் தோல் 500 வாட்தான் திருப்பி அனுப்புகிறது. தளத்தை 36 டிகிரிக்கு இறக்கினால், 50 வாட்டாக இருந்த அந்த மிகுதி 13 வாட் அளவுக்குச் சுருங்கிவிடும். ஐந்தே டிகிரிக்கு இவ்வளவு பலன் என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தபோது எனக்கே வியப்பாக இருந்தது.

ஆகவே வெப்பத்தை மாடியின் மேலேயே தடுப்பதுதான் சரியான வழி. பளபளக்கும் தகரத்தைவிடச் சுண்ணாம்பு இதற்கு ஏற்றது என்று நான் உறுதியாகச் சொல்வேன். இரண்டுமே வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பக்கூடியவை. ஆனால் பளபளப்பான உலோகம், தான் வாங்கிய சிறிதளவு வெப்பத்தையும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வெப்பக் கதிராக எளிதில் வெளிவிட முடியாமல் சேர்த்து வைத்துக்கொண்டு கொதிக்கிறது. சுண்ணாம்போ கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கு வெள்ளையாகவும், அகச்சிவப்புக்கு ஏறத்தாழக் கரும்பொருளாகவும், அதாவது அந்தக் கதிரை நன்றாக வெளிவிடும் பொருளாகவும், நடந்துகொள்கிறது. வெயிலை விலக்கிவிட்டு, மீந்த சூட்டையும் வானத்தை நோக்கி அனுப்பிவிடுகிறது. மேகமில்லாத இரவில் இந்த வேலை இன்னும் விரைவாக நடக்கும்.

மாலையில் மாடியில் தண்ணீர் தெளிக்கும் பழக்கத்துக்கும் திடமான கணக்கு உண்டு. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. ஒரு சதுர மீட்டர் தளத்தை ஒன்பது டிகிரி குளிர்விக்க ஏறத்தாழ அவ்வளவுதான் தேவை. ஆனால் தண்ணீர் முழுவதும் தளத்தின் மேலேயே ஆவியாக வேண்டும். வடிகுழாயில் ஓடிவிடும் தண்ணீரால் பெரிய பயனில்லை. அதனால் வாளியோடு கொட்டாமல் மெல்லிய ஈரமாகத் தெளித்து, அது காய்ந்தபின் மீண்டும் தெளிக்கிறேன். சென்ற ஆண்டு அடித்த சுண்ணாம்பை ஐப்பசி மழை பாதிக்குமேல் கரைத்துவிட்டது. மாசி பிறந்ததும் மறுபடி அடிக்க வேண்டும்.