தொப்பியும் குல்லாவும்

ஜூன் 3

மாலை வகுப்பு முடிந்து எல்லாரும் பையைத் தூக்கும் நேரத்தில், துணிக்கடையில் வேலை பார்க்கும் அக்கா போனை நீட்டினார். அமெரிக்காவில் படிக்கும் தம்பி மகன் அனுப்பிய மெசேஜ். அங்கே ஏதோ கடையில் பிரியாணி சாப்பிட்டானாம், அம்மா செய்வதைவிட நன்றாக இருந்ததாம், கடைசியில் "நோ கேப்" என்று முடித்திருக்கிறான். "பிரியாணி சாப்பிட எதுக்கு சார் தொப்பி?" என்றார். நான் யோசிக்காமல், கேப் என்றால் உச்சவரம்பு என்றும் அர்த்தம் உண்டு, விலைக்கு கேப் வைக்கிறார்களே அதுபோல, அளவில்லாமல் வெட்டியிருப்பான் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பஸ்ஸில் ஏறும்போதே உறுத்தியது.

ஜூன் 4

உளறித்தான் இருக்கிறேன். வகுப்பிலேயே ஒப்புக்கொண்டேன்.

இந்த "கேப்" பொய், பீலா. "நோ கேப்" என்றால் சத்தியமா. நாம் "சத்தியமாடா" என்று வாக்கியத்தின் வாலில் ஒட்டுவோமே, அதே இடம், அதே வேலை. "தட்ஸ் கேப்" என்றால் சும்மா அடிச்சு விடாதே. "கேப்பிங்" என்றால் ரீல் விடுவது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் பேச்சிலிருந்து வந்தது, அங்கே ஜம்பம் அடிப்பதற்கும் இந்தச் சொல் உண்டு. அட்லாண்டா ராப்பர்கள் ஃபியூச்சரும் யங் தக்கும் 2017-இல் "நோ கேப்" என்ற தலைப்பிலேயே ஒரு பாட்டுப் போட்டார்கள், அப்புறம் டிக்டாக் பிள்ளைகள் எடுத்துக்கொண்டு உலகம் முழுக்கப் பரப்பிவிட்டார்கள். அதே 2017-இல்தான் நீலத் தொப்பி எமோஜியும் யூனிகோடில் சேர்ந்தது. இப்போது யாராவது அளந்தால், வேறொன்றும் எழுதாமல் அந்தத் தொப்பியை மட்டும் கீழே போட்டுவிட்டுப் போகிறார்கள். பல்லுக்குப் போடும் தங்க கேப்பிலிருந்து வந்தது என்றும் ஒரு கதை உலவுகிறது, எனக்கு அது ஒட்டவில்லை.

ஜூன் 6

பின்வரிசையில் உட்காரும் ஓய்வுபெற்ற போஸ்ட்மேன் ஐயா இன்று சொன்னார்: "நம்மகிட்டயும் இருக்கே தம்பி, குல்லா போட்டுட்டான்னு சொல்றோமே." வகுப்பே கைதட்டியது, எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் ரெண்டும் தற்செயலாக ஒரே அலமாரியில் இருக்கிற தொப்பிகள். குல்லா போட இன்னொருத்தர் தலை வேண்டும், அவர் ஏமாற வேண்டும். கேப்புக்கு யாரும் ஏமாற வேண்டியதில்லை, சொன்ன பேச்சு பொய்யாக இருந்தால் போதும். இதைப் பலகையில் எழுதி விளக்குவதற்குள் மணி எட்டு.

ஜூன் 9

இன்டர்வியூ பயிற்சி. "உங்கள் பலம் என்ன?" என்று கேட்டதும் ஒரு பையன், "ஐ ஆம் ஹார்ட் ஒர்க்கிங், நோ கேப்" என்றான். தப்பு இலக்கணத்தில் இல்லை, எதிரே உட்கார்ந்திருக்கும் ஆளில் இருக்கிறது. மேனேஜரிடம் "சத்தியமா உழைப்பேன் மச்சி" என்று சொல்வோமா? காதில் விழுந்தால் புரிந்துகொள்ளுங்கள், நண்பர்களிடம் வேண்டுமானால் சொல்லுங்கள், அதுபோதும் என்றேன்.

அவன் நோட்டை வாங்கிப் பார்த்தேன். தமிழில் "நோ கேப்" என்று எழுதி, பக்கத்தில் "இடைவெளி விடாமல்" என்று குறித்திருக்கிறான். கேப் விடாமல் பேசுறான் என்கிறோமே, அந்த கேப். நம் ககரத்தில் ரெண்டும் ஒன்றுதான், அவனை என்ன சொல்வது! அப்போ அவன் இன்டர்வியூவில் சொன்னது "இடைவிடாமல் உழைப்பேன்" என்றுதான்.