நெல்லுக்குப் பின் உளுந்து: பெகு வயலில் ஈரம் பார்த்து விதைக்கும் முறை

மியான்மரின் பெகு (பாகோ) பக்கம் மழைக்கால நெல்லுக்கு அடுத்து நமக்குக் கைகொடுப்பது உளுந்து. பாசனம் கிடையாது, மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்திலேயே பயிர் முடிய வேண்டும். அக்டோபரோடு மழை ஓயும் என்று நம்பித் தேதி குறித்த காலம் போய்விட்டது. நவம்பர், டிசம்பரிலும் வங்கக் கடல் புயல் ஒரு கொட்டு கொட்டுகிறது. ஆகவே தேதியை விட்டு, மண்ணைப் பார்த்தே விதைக்கிறோம்.

ஒரு பிடி மண்ணை அழுத்தினால் உருண்டை பிடிக்க வேண்டும், விரலிடுக்கில் நீர் கசியக் கூடாது. நடந்தால் காலடி பதிய வேண்டும், தடத்தில் தண்ணீர் ஊறக் கூடாது. நீர் கசியும் மண்ணில் விதை அழுகும். உருண்டை உதிர்ந்தால் பாதி முளைக்காது.

கையால் அறுக்கும் வயலில், அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே நெல்லுக்குள் வீசிவிடலாம். ஏக்கருக்கு 6 வீசை, ஏறக்குறைய 10 கிலோ. அறுப்பு இயந்திரம் இறங்கும் வயலுக்கு இது ஒத்துவராது, சக்கரம் முளையை நசுக்கிவிடும். அங்கே இயந்திரம் வெளியேறியதும் ஒரு சால் ஓட்டி, விதைத்து, உடனே பரம்படித்து மண்ணைச் சமன்செய்ய வேண்டும். எங்கேயும் அறுத்தபின் நிற்கும் நெல் தாளைக் கொளுத்தாதீர்கள். ஈரத்தைக் காப்பது அதன் நிழல்தான்.

வேரில் தழைச்சத்தைச் சேர்க்கும் நுண்ணுயிர் உரமான ரைசோபியத்தை 200 கிராம் எடுத்து, ஆறிய வடிகஞ்சியில் குழைத்து விதையில் புரட்டி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி, அன்றே விதைக்க வேண்டும். சூடான கஞ்சியும் வெயிலும் அந்த நுண்ணுயிரைக் கொன்றுவிடும்.

பலரும் விட்டுவிடுவது வடிகால். உளுந்து வறட்சியைத் தாங்கும், தேங்கிய நீரைத் தாங்காது. இரண்டு நாள் நின்றாலே இலை வெளுத்து வேர் அழுகும். அறுப்பு முடிந்ததும் வரப்போரமும் பள்ளமான இடத்தின் குறுக்கேயும் ஒரு மண்வெட்டி ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டி, கடைமடையைத் திறந்தே வையுங்கள்.

மஞ்சள் தேமல் கண்ட செடியைப் பார்த்த அன்றே பிடுங்கிப் புதையுங்கள். அதைப் பரப்புவது வெள்ளை ஈ. நோய் வந்த செடியை எந்த மருந்தும் மீட்காது.

பூக்கும்போது 4 கிலோ டிஏபி உரத்தை இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, தெளிவை மட்டும் வடித்து 200 லிட்டராக்கினால் ஒரு ஏக்கருக்குச் சரி. மாலையில் தெளியுங்கள், 15 நாளில் மறுபடி ஒருமுறை. கசடு சேர்ந்தால் தெளிப்பான் மூக்கு அடைத்துக்கொள்ளும்.

காய் பெரும்பாலும் கறுத்ததும் காலைப் பனியோடு பிடுங்குங்கள், வெயில் ஏறினால் வெடித்துச் சிதறும். விதைக்கு எடுத்துவைப்பதைப் பல்லில் கடித்தால் ‘டக்’கென்று உடையும்வரை காயவையுங்கள், ஈரம் இருந்தால் வண்டு துளைத்துவிடும்.